ஒரு மைக்கும் பச்சைத் திரையும்

"ஒரு மைக் போதும்டி. ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே பேசப்போறாங்க!"

மைக்செட்காரர் போனில் மனைவியிடம் சொல்லிக்கொண்டே படியேறியது மண்டபத்து எழுத்தரின் காதில் விழுந்தது. அவள் நிர்வாகியைத் தேடிப் போனாள்.

பொது மண்டபத்தை ஒரே மாலைக்கு இரண்டு கட்சிகளுக்குக் கொடுத்திருந்தார் நிர்வாகி. ஒன்று, இருப்பதையெல்லாம் இடித்தால்தான் நாடு உருப்படும் என்கிற தகர்ப்போர் கட்சி. மற்றது, ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது என்கிற காப்போர் கட்சி. இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் நாற்காலிகள் பறக்கும்.

"ஒருத்தரை வேற நாள் வரச் சொல்லலாமா சார்?" என்று மெல்லக் கேட்டாள்.

"அப்போ தப்பு நடந்துபோச்சுன்னு நாமளே ஒத்துக்கறதா? நிர்வாகம் தப்பே பண்ணாதும்மா. மண்டபத்தை ரெண்டாக்கிடுவோம்."

அவ்வாறே, மேலான ஆணைப்படி, வாசலிலிருந்து மேடைவரை பச்சைத் திரை ஒன்று கொடிக்கயிற்றில் தொங்கியது. திரை முடியும் இடத்தில், மேடை விளிம்பில், அவளுக்கு நாற்காலி. ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். மைக்கை இரண்டு தலைவர்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பது அவள் பணி.

"நடுநிலைன்னா இதுதான்," என்று பூரித்தார் நிர்வாகி. "கலாட்டா இல்லாம முடிஞ்சா நாளைக்கே உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்க."

நான்கு வருடமாகத் தற்காலிகமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் தலையாட்டினாள்.

கூட்டம் தொடங்கியது. தகர்ப்போர் தலைவர் முழங்கினார்: "இந்த நாட்டைக் கெடுத்தது யாரு?"

"அவங்க!"

திரைக்கு இரு புறமும் ஒரே குரல். அவள் மைக்கை இந்தப் பக்கம் நீட்டினாள். காப்போர் தலைவர் எழுதிவந்த தாளைத் தேடிக் கிடைக்காமல், விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டார்: "அவங்களை என்ன பண்ணலாம்?"

"உள்ள தள்ளலாம்!"

மைக் அந்தப் பக்கம் போனது. "கேள்வி கேக்கறவன் யாரு?"

"துரோகி!"

மைக் வந்தது. "கொஞ்சம் யோசிப்போம்னு சொல்றவன்?"

"அவன்தான் பெரிய துரோகி!"

கைதட்டலில் சுவர் அதிர்ந்தது. நிர்வாகம் சிக்கனம் கருதி வாங்கிய கயிறு அறுந்தது. திரை மொத்தமாக விழுந்தது.

இவ்வளவு நேரம் யாருக்குக் கை தட்டினோம் என்று ஆளாளுக்கு விழித்தார்கள். சிலர் நாற்காலிக் கால்களைப் பற்றிக்கொண்டார்கள். அவளுடைய நிரந்தரம் அந்த நாற்காலிகளின் மேல் ஊசலாடியது.

அப்போது தகர்ப்போர் பக்கத்திலிருந்து ஒருவர் கை நீட்டினார். "இந்தப் பொண்ணு வந்ததுலேருந்து ஒரு தடவைகூடக் கை தட்டலை!"

"ஆமாங்க, நானும் பாத்துட்டுதான் இருந்தேன்!" என்றார் காப்போர் பக்கத்துக்காரர். "நல்லா கவனிச்சீங்க, அண்ணே!"

பற்றிய கைகள் நாற்காலிகளை விட்டன. எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

"நீ எந்தப் பக்கம்மா?" இரண்டு தலைவர்களும் ஒருசேரக் கேட்டார்கள்.

"நான்... மண்டபத்து ஆளுங்க."

"அது எந்தப் பக்கம்?"

வாசலில் நின்ற நிர்வாகி அவளைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே கை தட்டத் தொடங்கியிருந்தார்.

அவள் மைக்கை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கித் தட்டினாள்.