வாளியில் வந்த அழுக்கு

இந்தக் காலத்தில் எதையும் சுத்தமாகச் செய்ய எவருக்கும் பொறுமை கிடையாது. சுவேனாவுமா கெட்டுப்போனாள் என்று மக்காமே கிழவருக்கு ஆத்திரமாக வந்தது.

ஜம்பியானிக் கடற்கரையில் அவர் மனைவி சுவேனாவைப் போலக் கயிற்றில் கடற்பாசி கட்டி வளர்க்க ஆளில்லை. இடுப்பளவு நீரில் நின்று அவள் போட்ட முடிச்சைக் கடலாலும் அவிழ்க்க முடியாது. அப்படிப்பட்டவள் வாளியில், பாசி முழுக்கக் கறுப்பு முடியாக வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. வியாபாரி தராசில்கூட ஏற்ற மாட்டான்.

அதை வாங்கிப்போக நகரத்து ஆராய்ச்சிக்காரி ரைஹானா வருகிறாள். கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்லை வளர்த்து, அதன்மேல் கடல் சாற்றை ஊற்றிப் பார்ப்பாளாம்.

"வாளியத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வற்றிய கடலுக்குள் போயிருந்தாள் சுவேனா.

பெண்டாட்டி பேர் கெடப் பார்த்துக்கொண்டிருப்பதா? கிழவர் உட்கார்ந்து முடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டார். வாளி பாதியானது. பக்கத்து வீட்டு மோசியிடம் ஓடினார்.

"நாலு கை பாசி குடும்மா."

"உங்க வீட்டுல இல்லாத பாசியா?"

"வாய மூடிக்கிட்டுக் குடு."

அவள் கொடுத்தது சிவப்பு. சுவேனாவுடையது பச்சை. கலந்தால் பல்லிளித்தது. பச்சை முழுவதையும் மோசியிடம் கொடுத்து, வாளி நிறையச் சிவப்பே வாங்கிவந்தார்.

ரைஹானாவின் ஜீப் வந்தது. சுவேனாவும் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தாள்.

"தாத்தா, இதுல இருந்ததெல்லாம் எங்க?" என்றாள் ரைஹானா.

"பாசி மோசி வீட்டுல. அழுக்க ஆடு தின்னுடுச்சு."

ரைஹானா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சுவேனா தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தீங்களே! தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"அழுக்கே இல்லன்னு நீ சாதிப்பேன்னு எனக்குத் தெரியும்டி. சாட்சிக்கு ஒரு பிடி எடுத்து வெச்சிருக்கேன், பாரு!"

கடல் தண்ணீரில் அந்த முடி மிதந்த டப்பாவை அவர் நீட்டியதுதான் தாமதம். ரைஹானா பாய்ந்து வாங்கிப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஜீப் ஓட்டிவந்த ஷாமே சிரித்தான். "பெரியவரே, பாசிய எவன் கேட்டான்? அந்த முடிச் சாறுதான் தட்டுல இருந்த புத்துநோய்ச் செல்லக் கொன்னுச்சு. இவங்க இன்னொரு தடவ பாக்கணும்னாங்க. மூணு மாசமா உங்க வீட்டம்மா தேடிச் சேத்தது அந்த அழுக்கத்தான்!"

கிழவர் ஆட்டைப் பார்த்தார். அது நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு ஆட்டக் கொல்லத் துப்பில்ல, புத்துநோயக் கொல்லுமாக்கும்!" என்று நடையைக் கட்டினார்.