புள்ளி போன புலி

நீலகிரி மலையின் சரித்திரத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: பழனியாண்டி புலியைக் கொன்றதற்கு முன், கொன்றதற்குப் பின். இது மனோகரனின் கருத்து. இந்தச் சரித்திரத்துக்கு இருந்த ஒரே சாட்சியான புகைப்படம், அவர் வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேலே பூஞ்சணம் பூத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

சற்றுமுன் வரைதான். இப்போது அது அவர் மடியில் கிடந்தது. அவர் கையில் ஈரத்துணி. துணியில் பழனியாண்டியின் மீசை, பாதி.

“ஏனுங்க, மீசை வந்துருச்சுங்களா?” என்றாள் மனைவி சுகுணா.

“வந்தது அழுக்கு.”

“அழுக்குக்கு முறுக்கு இருக்குதுங்களே?”

மனோகரன் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தேயிலை ஃபாக்டரியில் இருபத்தாறு வருடம் சூப்பர்வைசர். தவறு நடந்த இடத்தை முதலில் மடித்து வைக்க வேண்டும் என்பது அவர் அனுபவம்.

படத்தில் இருந்த பழனியாண்டி அவருடைய அம்மாவின் அப்பா, அதாவது அப்பிச்சி. வெள்ளைக் கோட்டு, கையில் நீளமாக ஒன்று, காலடியில் புள்ளி புள்ளியாக ஒரு விலங்கு. படத்தின் பின்பக்கம் ஆங்கிலத்தில் யாரோ அழகாக எழுதியிருந்தார்கள்: ‘பழனியாண்டி, டைகருடன், 1936.’ “அப்பிச்சியைப் புலி கடிச்சுதாம், பதினாலு நாள் குன்னூர் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சாராம்” என்பது மட்டுமே அம்மா சொல்லிவிட்டுப் போன செய்தி. அந்தப் பதினாலு நாளும் அவர் எமனோடு மல்லுக்கட்டினார் என்பதும், அதற்கு முன்பே புலியை முடித்துவிட்டார் என்பதும் மனோகரன் சேர்த்தவை. எஸ்டேட்டில் அப்பிச்சி என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை. புலியைக் கொன்றவரிடம் போய் என்ன வேலை என்று கேட்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு நூறாவது ஆண்டு விழா. பழைய துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தார்கள். அதன் கூடத்தில், கணப்பு அடுப்புக்கு மேலே, அந்தக் காலத்துத் தொழிலாளி ஒருவரின் படம் மாட்டப்படும். ஒரே ஒரு படம். எது தெளிவாக இருக்கிறதோ அதுதான் என்று மேனேஜர் தீபக் சொல்லிவிட்டார்.

போட்டிக்கு இருந்தது ஆபீஸ் தினகரனின் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா படம். அவர் செய்த சாதனை, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது. ஆனால் படம் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது.

“நாற்காலியில உக்காந்தவன் சுவத்துல ஏறுவான், புலியைக் கொன்னவன் ஃப்ரிட்ஜு மேலயே கெடக்கோணுமா?” என்றார் மனோகரன். “விடமாட்டேன்.”

அன்று மாலையே முகநூலில் ‘பழைய படம், புது உயிர்: தொடக்க நிலையினர் மட்டும்’ என்ற குழுவில் சேர்ந்தார். படத்தை ஏற்றி, கீழே எழுதினார்: ‘வணக்கம். நான் இத்துறைக்குப் புதியவன். ஆனால் என் குலம் பழையது. மாவீரர் ஒருவரைப் பூஞ்சணத்திடமிருந்து மீட்க உதவுக.’

முதலில் வந்தவர் ‘போட்டோ சக்கரவர்த்தி.’ அவர் அந்தக் குழுவில் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

‘கவலை வேண்டாம் ஐயா. ஒரு ஆப் இருக்கிறது. அதில் “புள்ளி நீக்கு” என்று ஒரு பட்டன். ஒரே அமுக்கு.’

மனோகரன் அமுக்கினார். பதினோரு வினாடியில் பூஞ்சணம் மறைந்தது. கோட்டு வெளுத்தது. முகம் தெளிந்தது. அவர் கண் கலங்கியது. பிறகு அப்பிச்சியின் காலடியைப் பார்த்தார்.

“சுகுணா! புள்ளி போயிருச்சு!”

“எந்தப் புள்ளிங்க?”

“புலியோட புள்ளி!”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “நல்லாத்தான இருக்குதுங்க. கன்னுக்குட்டி எவ்வளவு சாதுவா படுத்திருக்குது பாருங்க.”

பூஞ்சணமும் புள்ளியும் ஒரே அமுக்கில் போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று மனோகரனுக்குத் தோன்றவில்லை. தீர்மானத்தோடு இருப்பவர்களுக்கு அப்படியெல்லாம் தோன்றாது. ‘என் புலியின் புள்ளிகளைத் திருப்பித் தருக’ என்று குழுவில் எழுதினார்.

சக்கரவர்த்தி தந்தார். தாராளமாகவே தந்தார். புலி மேல் விழுந்தது போக மிச்சம் அப்பிச்சியின் கோட்டிலும் நெற்றியிலும் விழுந்திருந்தது.

“அப்பிச்சிக்கு அம்மை போட்டிருக்குதுங்க” என்றாள் சுகுணா. “வேப்பிலை கட்டிருங்க.”

இதற்குள் சக்கரவர்த்திக்கே ஒரு யோசனை உதித்தது. ‘ஐயா, படத்தின் பின்னால் டைகர் என்றுதானே இருக்கிறது? டைகருக்குப் புள்ளி கிடையாதே. கோடுதானே?’

மனோகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடம் சிறுத்தையாகப் படுத்துக் கிடந்தது ஒரு நிமிடத்தில் வேங்கையாகப் பதவி உயர்வு பெற்றது. அப்பிச்சிக்கும் கூடவே ஒரு படி உயர்வு.

‘கோடு போடுங்கள்’ என்று எழுதினார்.

கோடு போட்ட படத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் போட்டார்கள். அருவங்காடு குவார்ட்டர்ஸிலிருந்து சசிரேகா என்ற பெண் மட்டும் கேள்வி போட்டாள்.

‘அண்ணா, நானும் இப்பத்தான் கத்துக்கறேனுங்க. ஒரு சந்தேகம். காது தொங்குதுங்களே?’

‘செத்த புலிக்குக் காது தொங்காமல் என்ன செய்யும்?’

‘கண்ணு தொறந்திருக்குதுங்களே?’

‘வீர மரணம்.’

‘வாலு சுருண்டு மேல நிக்குதுங்க.’

மனோகரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நின்றது. ‘தங்கச்சி, நீங்கள் புலியை நேரில் பார்த்ததுண்டா?’

‘இல்லீங்கண்ணா. துப்பாக்கியையும் பார்த்ததில்லீங்க. ஆனா அதோட முனை இப்புடி வட்டமா, குழிவா இருக்குமுங்களா?’

அவர் அவளுக்குப் பதில் எழுதவில்லை. ஆனால் காது, வால், துப்பாக்கி மூன்றையும் உடனே சரிசெய்யும்படி சக்கரவர்த்திக்கு எழுதினார்.

காதை நிமிர்த்தியதும் புலிக்கு உயிர் வந்துவிட்டது. வாயைப் பிளந்து, எல்லாப் பல்லையும் காட்டி உறுமியது. பக்கத்தில் அப்பிச்சி அரை மீசையோடு புன்னகைத்துக்கொண்டு நின்றார்.

“சர்க்கஸ்ல வேலை பார்த்தாருங்களா?” என்று சுகுணா கேட்டாள்.

புலி சாக வேண்டும் என்று ஆப்பிடம் மனோகரனே நேரடியாகக் கேட்டுப் பார்த்தார். வன்முறைக்கு உதவ இயலாது என்று அது மரியாதையாக மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் சக்கரவர்த்தி புலியின் கழுத்தில் ஒரு சாமந்தி மாலையைப் போட்டு, துப்பாக்கி முனையில் கொஞ்சம் புகையை விட்டார். மாலை இருந்தால் இறந்துவிட்டது என்று அர்த்தம். புகை இருந்தால் சுட்டது இவர்தான் என்று அர்த்தம். மீசையின் மறுபாதியும் ஒருவழியாக முளைத்தது. நிறம் மட்டும் கொஞ்சம் செம்பட்டை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சசிரேகா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ‘நான் எதையும் சேர்க்கலீங்கண்ணா. இருக்கறதை மட்டும் தொடச்சேன்.’ அதில் அப்பிச்சி அப்பிச்சியாகவே இருந்தார். காலடியில் இருந்த பிராணி மனோகரனை அன்போடு பார்த்தது. அவர் அதை அழித்தார்.

ஊட்டி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் நாலடிக்கு மூன்றடி அச்சுப் போட்டு, தங்க நிறச் சட்டம் அடித்து, அடியில் ‘பழனியாண்டி, டைகருடன், 1936’ என்று தமிழில் பொறித்து, ஜீப்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தீபக் படத்தைப் பார்த்தார், நாற்காலி அப்பாருவைப் பார்த்தார். அளவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை திரை விலகியதும் கூடம் முழுக்கக் கைதட்டல். தினகரன் மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனோகரன் மைக்கைப் பிடித்தார்.

“புலி கடிச்சும் எங்க அப்பிச்சி அசரலீங்க! பதினாலு நாள்! பதினாலு நாள் குன்னூர் ஆஸ்பத்திரியில எமனோட போராட்டம்!”

முன்வரிசையில் ஒரு பெரியவர், பதினாலு நாள் என்று கேட்டதும், தன் தொப்புளைச் சுற்றித் தடவிக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பேச்சு முடிந்ததும் பங்களாத் தோட்டக்காரர் ஒச்சப்பன் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“ஏனுங்க, நம்ம டைகருக்கா இவ்வளவு பெரிய படம்?”

“உங்களுக்கு டைகரைத் தெரியுமுங்களா?” என்றார் மனோகரன்.

“தெரியாமங்களா? பங்களாவுக்குப் பின்னால கல்லு வெச்சிருக்குதுங்களே. இங்கிலீசுல பேரெல்லாம் வெட்டி. மாசாமாசம் நான்தானுங்க பாசி போகத் தேய்க்கறேன்.”

மனோகரன் மைக்கை மறுபடி பிடுங்கினார். “கேட்டீங்களா! புலிக்கே வெள்ளைக்காரன் கல்லு வெச்சிருக்கான்! எங்க அப்பிச்சி கொன்ன புலிக்கு! தினகரன், உங்க அப்பாரோட நாற்காலிக்குக் கல்லு இருக்குதா?”

“ஏனுங்க, விடுங்க,” என்று சுகுணா சட்டையைப் பிடித்தாள். “இலை போட்டுட்டாங்க.”

“சரித்திரம் கூப்புடுது புள்ள. சோறு எங்கயும் போயிராது.”

செல்போனில் குழுவுக்கு நேரலையை முடுக்கினார். சக்கரவர்த்தி வந்தார், சசிரேகா வந்தாள், நானூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். போனை உயர்த்திப் பிடித்தபடி மனோகரன் முன்னால் நடக்க, விழாக் கூட்டம் மொத்தமும் பின்னால் போனது. பழைய சமையற்கட்டைத் தாண்டி, சைப்ரஸ் மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருந்தது. வேங்கைக்குக் கொஞ்சம் சின்னதுதான்.

தீபக் குனிந்தார். ஒருமுறை மனதுக்குள் படித்தார். நிமிர்ந்து மனோகரனைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

“சத்தமா படிங்க சார், எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க.”

“அப்புறம் படிச்சுக்கலாமே மனோகரன். சாப்பாடு ஆறிடும்.”

“இல்லீங்க சார். இப்பவே. தமிழ்லயே சொல்லுங்க, எல்லாருக்கும் புரியோணும்.”

தீபக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“‘டைகர். நல்ல நாய். சமையல்காரன் பழனியாண்டியைத் தவிர யாரையும் கடித்ததில்லை.’”