போதும் என்று சொன்ன பிறகும்

அன்று மாலை என் மனைவியிடம் "முடியாது" என்று சொல்லிவிடுவது எனத் தீர்மானித்தேன்.

சாதாரணத் தீர்மானம் இல்லை இது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். "யோசிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிச் சொல்லி என் நாக்கே அந்த வடிவத்துக்கு வளைந்துவிட்டது. "முடியாது" மட்டும் சொன்னதில்லை. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். கண்ணாடியில் இருந்தவன் பயந்துபோனான்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஊரில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் என் கையில் இருக்கிறது. என்னை ஏற்றி இறக்கும் பொத்தான் மட்டும் அவள் கையில் இருக்கிறது.

பிரச்சினை ஒரு அறை. எங்கள் வீட்டு மாடியில் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காது, அவ்வளவு பெரியது. பழைய லிஃப்டுகளிலிருந்து கழற்றிய பித்தளைப் பொத்தான்கள், மாடி எண் காட்டும் முள், ஒரு பெரிய இரும்புக் கப்பி, ஒரு நாற்காலி. வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருவேன். ஒன்றும் செய்ய மாட்டேன். ஒன்றும் செய்யாமல் இருக்க ஒரு மனிதனுக்கு இடம் வேண்டாமா?

என் மனைவி திரைச்சீலை தைக்கிறாள். வீடுகளுக்கு, கடைகளுக்கு, பெரிய பெரிய ஜன்னல்களுக்கு. அதனால் வீட்டில் மற்ற எல்லா இடத்திலும் துணிதான். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் தேட வேண்டும். போன வருஷம் ஒரு நாள், "அந்தப் பின்னாடி ரூமை எனக்குத் தாங்களேன்" என்று கேட்டாள். முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லை. ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன். அவள் பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வாரம் பேசினாள்.

"எங்க அண்ணன் ரிட்டயர் ஆகப்போறாரு."

"ரொம்ப சந்தோஷம்."

"தனியா இருக்காரு, பாவம். நம்ம பின்னாடி ரூம்ல வந்து இருக்கட்டுமே."

அவள் அண்ணன் அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறவர். செத்த பறவைகளைப் பாடம் செய்து, உள்ளே பஞ்சடைத்து, கண்ணாடிக் கண் பொருத்தி, உயிரோடு இருப்பதுபோல நிற்க வைப்பார். சொந்தமாகவும் நிறைய வைத்திருக்கிறார்.

"அவர் மட்டுமா வருவாரு?"

"அவர் மட்டும் எப்படி வருவாரு? அதுங்களும்தான் வரும்."

"எதுங்க?"

"ஆந்தை, கழுகு, அப்புறம் அந்த நாரை. நாரை கழுத்தை நீட்டி நிக்கும். உங்க கப்பியை எடுத்துட்டா அந்த இடம் அதுக்குச் சரியா இருக்கும்."

ஒரு மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறேன். விழித்தபோது ஒரு ஆந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் படுத்தேன். அந்தப் பக்கம் அதன் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது.

முடியாது என்று சொல்லியே ஆகவேண்டும். ஆனால் வீட்டில் சொல்ல முடியாது. என் மனைவி கத்துகிறவள் இல்லை. கத்தினால் தப்பித்துவிடலாம். அவள் தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்து, துணியே இல்லாமல் வெறும் ஊசியை ஓட்டுவாள். டக டக டக டக. நான் எங்கே போய் நின்றாலும் அது சரியாக என் பிடரிக்குப் பின்னால் கேட்கும்.

ஆகவே மிஷின் இல்லாத இடம் வேண்டும். நாலு பேர் நடமாடுகிற இடம் வேண்டும். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் அந்த இத்தாலிய உணவகம் ஞாபகத்துக்கு வந்தது. மெத்தென்ற இருக்கை, மெல்லிய இசை, கண்ணியமான மனிதர்கள். அங்கே எதுவும் நடக்காது.

"இன்னைக்குச் சாயந்திரம் வெளிய சாப்பிடலாமா?" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"இத்தாலி ஹோட்டலுக்குத்தானே? போலாம்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"சும்மா ஒரு ஊகம்தான்," என்றாள். அப்போதுதான் கவனித்தேன். அவள் ஏற்கெனவே நல்ல புடவை கட்டித் தயாராக இருந்தாள்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. உணவகத்துக்குள் நுழைந்ததும் ராத்திரியாகிவிட்டது. உத்தரத்திலிருந்து தரைவரை கனத்த சிவப்புத் திரைகள். ஒரு நூல் வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு விளக்கு தாழத் தொங்கியது. அந்த வெளிச்சத்தில் கைகள் தெரிந்தன, தட்டுகள் தெரிந்தன. முகங்கள் பாதிதான் தெரிந்தன. சுவரில் பிளாஸ்டிக் திராட்சைக் கொடி. ஒரு படத்தில் மீசைக்காரக் கிழவர் ஒருவர் ஒயின் கோப்பையை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். இதே கடையின் இன்னொரு கிளைக்கு லிஃப்ட் பார்க்கப் போயிருக்கிறேன். அங்கேயும் இதே கிழவர்தான். ஆனால் அங்கே இவ்வளவு பல் தெரிந்ததாக ஞாபகம் இல்லை.

எனக்குக் காதுதான் தொழில். கம்பிவடம் முனகுவதை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இந்த இடத்தில் மெல்லிய இசையும் கரண்டி உரசும் சத்தமும் தவிர என் காதுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. மேசைகள் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் தம்பதிகள். யாரும் பேசவில்லை. ஆண்கள் குனிந்து முள்கரண்டியில் ஸ்பகெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுற்றினார்களே தவிர வாயில் வைக்கவில்லை. பெண்கள் எதிரில் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

காலடிச் சத்தமே இல்லாமல் பரிமாறுபவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். உயரமாக, ஒல்லியாக, வெளுப்பாக இருந்தார்.

"வாங்க மேடம். மேசை தயாரா இருக்கு."

"நாங்க சொல்லி வைக்கலையே," என்றேன்.

"பரவாயில்லை சார்," என்றார் பரிவாக. ஆஸ்பத்திரியில்தான் அப்படிப் பேசுவார்கள்.

உட்கார்ந்தோம். சூப் வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சட்டென்று இசை நின்றது. நான் வாயை மூடினேன். இசை தொடர்ந்தது. மறுபடி திறந்தேன். நின்றது.

"என்னங்க, மீன் மாதிரி வாயை வாயைத் திறக்கறீங்க?"

"சூப் சூடா இருக்கு."

"நீங்க இன்னும் குடிக்கவே இல்லையே."

பாஸ்தா வந்தது. கூடவே அந்த ஒல்லி மனிதர் ஒரு பெரிய சீஸ் கட்டியும் துருவியுமாக வந்தார். அந்த உணவகத்தில் அது ஒரு வழக்கம். தட்டுக்கு மேல் சீஸ் துருவிக்கொண்டே இருப்பார்கள். நாம் போதும் என்றதும் நிறுத்திவிடுவார்கள்.

துருவினார். வெள்ளைத் தூள் பனி மாதிரி விழுந்தது.

"போதும்," என்றேன்.

துருவினார்.

"போதும்ங்க."

"சரி சார்," என்றார். துருவிக்கொண்டே இருந்தார்.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சு சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு கீழிருந்து அடித்ததில் அவர் கண்கள் கண்ணாடி போல மின்னின. என் பாஸ்தா மறைந்தது. தட்டின் விளிம்பு மறைந்தது. என் மனைவி நிதானமாகத் தண்ணீர் குடித்தாள், உதட்டைத் துடைத்தாள், லேசாகத் தலையசைத்தாள். துருவி நின்றது. அவர் இருட்டுக்குள் போய்விட்டார்.

நான் மெல்லச் சுற்றிலும் பார்த்தேன். மேசைக்கு மேசை, விளக்குக்குக் கீழே, ஒவ்வொரு கணவனுக்கு முன்னாலும் ஒரு வெள்ளை மலை இருந்தது.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து ஓடினேன்.

குழாயடியில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவர் கை கழுவவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"முதல் தடவையா?"

"ஆமாங்க."

"என்ன விஷயம்?"

"ஒரு அறை. முடியாதுன்னு சொல்லலாம்னு வந்தேன்."

"சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க." கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உடனே ஒத்துக்குவாங்க. நாம ஜெயிச்சுட்ட மாதிரி இருக்கும். அந்த நேரத்துல மட்டும் வாயைத் திறந்துடாதீங்க, தம்பி."

"ஏன்?"

"எனக்கும் ஒரு கார் இருந்துச்சு. வாயைத் திறந்தேன். இப்ப பஸ்ல போறேன்."

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார். அவர் காலடியும் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது என் மனைவி பக்கத்திலிருந்த சிவப்புத் திரையைக் கையில் பிடித்து, அதன் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் தொடறே?"

"தையல் தாங்குதான்னு பார்க்கறேன்."

"உனக்கென்ன அக்கறை?"

"நான் தைச்சது, நான் பார்க்கக் கூடாதா?"

எனக்கு விளங்கச் சற்று நேரமானது. "இதெல்லாம் நீயா?"

"இந்தக் கடை பூரா நான்தான். இத்தனை நீளத் துணியை எங்க விரிச்சுத் தைச்சேன்னு தெரியுமா? நம்ம மாடிப்படியில. மேல் படியில துணி, கீழ்ப் படியில மிஷின், நடுவுல நான். நீங்க தினம் என்னைத் தாண்டித்தான் உங்க ரூமுக்குப் போனீங்க. ஒரு நாள் 'கொஞ்சம் நகரு'ன்னுகூடச் சொன்னீங்க."

அப்படியானால் பரிமாறுகிறவருக்கு இவளைத் தெரியும். இவளுக்கு இந்த மேசை தெரியும். மர்மம் விலகினால் பயம் போகும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. நாலு பக்கமும் தொங்கிய அந்தத் திரைகள் ஒவ்வொன்றும் அவள் புடவைத் தலைப்பு மாதிரி தெரிந்தது. நான் அவளுடைய மிஷினிலிருந்து தப்பித்து அவள் தைத்த பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இனித் தாமதித்தால் வாய் வராது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"முடியாது," என்றேன்.

இசை நின்றது. இந்த முறை தொடரவில்லை. கரண்டிச் சத்தங்களும் அடங்கின.

"எது முடியாது?"

"உங்க அண்ணன். அந்த ரூம்ல அவரை வெச்சுக்க முடியாது. ஆந்தை முடியாது. நாரை முடியவே முடியாது."

அவள் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"சரி."

"சரின்னா?"

"வேணாம்னா வேணாம். நீங்க இவ்வளவு தீர்மானமாச் சொன்ன பிறகு நான் என்ன பேசறது?"

"கோபமா?"

"எனக்கென்ன கோபம்? வீட்டுக்குப் பெரியவர் நீங்க. நீங்க ஒண்ணு சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்."

வீட்டுக்குப் பெரியவர். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் சொல்லாத வார்த்தை. எனக்குள்ளே தரைத்தளத்தில் கிடந்த லிஃப்ட் எந்தப் பொத்தானும் அமுக்காமல் சரசரவென்று மேலே ஏறியது. உச்சி மாடிக்குப் போய் நின்றபோது எனக்குத் தாராள மனசு வந்துவிட்டது. மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் என்னைப் பார்த்து மெல்ல, மிக மெல்ல, தலையை இடமும் வலமும் ஆட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை. ஜெயித்தவன் பெருந்தன்மையாக நாலு வார்த்தை பேச வேண்டாமா?

"தப்பா எடுத்துக்காதே," என்றேன், சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. "ரூமைத் தரக் கூடாதுன்னு எனக்கு ஒண்ணும் பிடிவாதம் கிடையாது. உங்க அண்ணனும் அந்தப் பறவைங்களும் வேணாம், அவ்வளவுதான். வேற யாரு கேட்டிருந்தாலும் சந்தோஷமாக் கொடுத்திருப்பேன்."

"யாரு கேட்டிருந்தாலுமா?"

"யாரு கேட்டிருந்தாலும்."

வழுக்கைத் தலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப நான் கேக்கறேன்," என்றாள் என் மனைவி.

அந்தக் கூடத்தில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒல்லி மனிதர் வந்து நின்றிருப்பதை உணர்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா மேசைகளிலிருந்தும் பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இமைக்கவில்லை. "பார்க்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். "யோசிக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உன் இஷ்டம்," என்று வந்தது.

அவள் கையை நீட்டினாள். என் கை தானாகப் பைக்குள் போய்ச் சாவியை எடுத்துக் கொடுத்தது. எங்கிருந்தோ யாரோ கை தட்டினார்கள். இசை மறுபடி தொடங்கியது. எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள், சிரித்தார்கள், தண்ணீர் கேட்டார்கள். அது ஒரு சாதாரண உணவகமாகிவிட்டது.

நான் சீஸ் மலையைக் கரண்டியால் குடைந்து பாஸ்தாவைத் தேடினேன். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் ஒரு ஆறுதல் மிச்சம் இருந்தது. அறை போனால் போகிறது, கழுகும் நாரையும் வீட்டுக்குள் வராமல் தடுத்தவன் நான்தானே.

"உங்க அண்ணனை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு," என்றேன். "ஆசையா இருந்திருப்பாரு. எப்படிப் பக்குவமாச் சொல்லப்போறே?"

என் மனைவி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்:

"அவர்கிட்ட என்னத்தைச் சொல்றது? அவர் ரிட்டயர் ஆக இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கே."