ஓரின் வீட்டுப் புகைபோக்கி

ஓரின் திபோ வீட்டுக்குள் போடும் செருப்போடு மறுபடியும் பனிக்குள் ஓடிவந்து, தன் வீட்டுப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். புகை. அழுக்குக் கம்பளியை யாரோ கூரைமேல் நின்று உதறுகிற மாதிரி, சாம்பல் நிறத்தில் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

உள்ளே போய், வீட்டைச் சூடாக்கும் புது அடுப்பை விற்ற வெண்டெலுக்கு ஃபோன் போட்டார்.

"புகையே வராதுன்னு சொல்லித்தானே என் மக தலையில இதைக் கட்டினே?"

"வராதுங்க. முதல்ல புகையை நேரா மேல விடற அந்தக் கைப்பிடியைத் திறந்து வச்சு நல்லா எரிய விடணும். சூடு காட்டுற முள்ளு கோட்டைத் தாண்டினதும் கைப்பிடியை மூடணும். அப்புறம் புகை உள்ள தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கிற கட்டிக்குள்ள போய் அங்கேயே எரிஞ்சிடும். முள்ளு தாண்டிச்சா?"

"கிட்டக்க வந்துச்சு."

"கிட்டக்க வந்தா பத்தாதே."

"பொறந்ததுலேருந்து விறகு எரிக்கிறேன். எந்த அடுப்பும் என்கிட்ட முள்ளை நீட்டிப் பேசினதில்ல," என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

பழைய அடுப்பு நல்ல அடுப்பு. ராத்திரியில் மூன்று தடவை எழுந்து விறகு போட வேண்டும், அவ்வளவுதான். மகள் கொரீனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. ஒருதரம் விறகு போட்டால் விடியும்வரை எரியும் என்று இந்தப் புதிசை வாங்கி இறக்கிவிட்டு, "இதையும் உங்களால சமாளிக்க முடியலேன்னா எங்களோட பர்லிங்டனுக்கு வந்துடணும். ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன்" என்று சொல்லிப் போயிருந்தாள். பர்லிங்டனில் அவர்கள் ஃப்ளாட்டில் பொத்தானை அமுக்கினால் சூடு வரும். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். வெர்மாண்ட் மலையில் மனைவியைப் புதைத்த மனுஷன் கடைசிக் காலத்தில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

முள்ளை ஏற்ற இன்னும் நாலு கட்டை போடலாம் என்று அடுப்புக் கதவைத் திறந்தார். கைப்பிடியை மூடி வைத்திருந்தது நினைவில்லை. மேலே போக வழியில்லாத புகை மொத்தமும் அவர் முகத்தில் வந்து இறங்கியது. கூரையில் இருந்த புகை அலாரம் கத்த ஆரம்பித்தது. அதைக் கழற்றித் துண்டில் சுற்றிக் குளிர்பெட்டிக்குள் வைத்தார். அது வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தும் கத்தியது. புகையை விரட்ட எல்லா ஜன்னலையும் திறந்தார். புகை போயிற்று. கூடவே வீட்டிலிருந்த சூடும் போயிற்று. முள் படுத்துக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் வெண்டெல் நேரிலேயே வந்தான். கையில் இரண்டு ஊசி நீட்டிய ஒரு சின்னக் கருவி. கட்டை ஒன்றைப் பிளந்து, நடுவில் ஊசியைக் குத்திப் பார்த்தான்.

"விறகு ஈரம்," என்றான்.

அந்த மலையில் ஒருவருடைய பெண்டாட்டியின் சமையலைப் பற்றிக்கூடச் சொல்லிவிடலாம். விறகைப் பற்றிச் சொல்லக் கூடாது.

"யாரோட விறகு?"

"உங்களோடதுதான். தார்ப்பாயைத் தரை வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருக்கீங்க. மூச்சு விட வேண்டாமா அது?"

"விறகுக்கு எதுக்குய்யா மூச்சு?"

"பக்கவாட்டுல காத்து போகணும். மேல மட்டும்தான் மூடணும். எதிர் வீட்டு லூசில் அம்மா நல்லா காய வச்சிருக்காங்க. இந்த வருஷத்துக்கு அவங்ககிட்டக் கொஞ்சம்..."

"ஊரான்கிட்ட விறகு கேக்கறதுக்குப் பதிலா நான் பர்லிங்டனுக்கே போயிடுவேன். நீ கிளம்பு."

கிளம்பினான். மறுபடியும் கூப்பிட்டு ஈரம் பேசுவானே என்று ஃபோன் ரிசீவரைத் தனியாக எடுத்துக் கீழே வைத்தார்.

ஆனால் முள்ளுக்குக் கோபமெல்லாம் தெரியாதே. காய்ந்த மரம் வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். படுக்கையறையில் கட்டில் நின்றது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவர் கையாலேயே செய்த மேப்பிள் மரக் கட்டில். ஒரு சொட்டு வார்னிஷ் கிடையாது. நாற்பது வருஷமாக அறைக்குள்ளேயே காய்ந்திருந்தது.

"ஈரமாம்," என்று சொல்லிக்கொண்டே ரம்பத்தை எடுத்தார்.

கட்டில் எரிந்தது பாருங்கள், அப்படி எரிந்தது. முள் கோட்டைத் தாண்டியது. கட்டிலின் தடித்த கால்களைக் கடைசியாக உள்ளே தள்ளினார். கைப்பிடியை மூடி, அடுப்புக்குள் போகும் காற்றைக் குறைத்தார். வெளியே ஓடிப் பார்த்தார். மங்கின வானத்தில் புகைபோக்கி ஒன்றுமே நடக்காதது போல நின்றது. ஒரு இழை புகை இல்லை.

"இப்ப வந்து பாரு," என்றார் பர்லிங்டன் இருக்கும் திசையைப் பார்த்து.

கட்டில்தான் இல்லையே. மெத்தையை அடுப்புக்கு முன்னால் தரையில் போட்டு, ரஜாயை மூக்குவரை இழுத்துக்கொண்டார். பல வருஷத்துக்கப்புறம் விறகு போட எழுந்திருக்காமல், பொழுது நன்றாக விடிந்தும் தூங்கினார்.

கதவு உடைகிற சத்தத்தில்தான் விழித்தார். ஊர்த் தீயணைப்புக் குழுவின் ராய்ஸ் கோடாலியோடு நின்றான். பின்னால் ஒரு தூக்குப் படுக்கை. அதற்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொரீன். எல்லோருக்கும் பின்னால், சாவு வீட்டுக்கு எடுத்துப் போகிற மக்ரோனித் தட்டோடு லூசில்.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். "தரையிலயே விழுந்து கிடக்காரு, பாவம்."

"பாவமா?" ஓரின் எழுந்து உட்கார்ந்தார். ராய்ஸ் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. "அந்தக் கதவைச் செஞ்சவன் நான். எங்க தீப்பிடிச்சுதுன்னு உடைச்சே?"

"தீ இல்லீங்க. புகை இல்ல."

"இல்லதான். அதுக்குத்தானே இந்த வாரம் பூரா நாயாப் பாடுபட்டேன். புகை வந்தாலும் குத்தம், வராட்டியும் குத்தமா? கொரீன், வீடு சூடா இருக்கா இல்லையா, நீயே சொல்லு."

கொரீன் அழுகைக்கு நடுவே தலையாட்டினாள். "சூடாத்தான் இருக்குப்பா. கட்டில் எங்க?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் லூசில் முன்னால் வந்து, மக்ரோனித் தட்டைச் சூடாகட்டும் என்று அடுப்புமேல் வைத்தாள்.

"உன் பொண்டாட்டி போனதுலேருந்து தினம் காலையில உன் புகையைப் பார்த்துட்டு, 'அப்பா எழுந்துட்டாரு, நீ நிம்மதியா வேலைக்குப் போ'ன்னு இவளுக்கு ஃபோன் பண்றது நான்தான் ஓரின், அந்த தைரியத்துலதான் உன்னை இங்க தனியா விட்டிருக்கா, அதனால புண்ணியமாப் போகும், இனிமே காலையில கொஞ்ச நேரமாவது இந்த அடுப்பைத் தப்பா எரி."