நீர்யானை பாயும் நாலாவது பாகமும்

சித்திரை வெயிலில் திருச்சி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஆள் ஒரே ஒருவர்தான் கிடைத்திருப்பார். அவர் எங்கள் நீர்யானை பாய். தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் மருந்து ஏஜென்சியில் போனில் ஆர்டர் எடுப்பவர். பெயரைக் கேட்டு ஆளைக் கற்பனை செய்துவிடாதீர்கள். குடைக்கம்பிக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருப்பார். குரல் மட்டும்தான் நீர்யானை.

நிஜமாகவே நீர்யானை. பறக்க ஆசைப்படும் குண்டு நீர்யானை ஒன்றை வைத்து முன்பு மூன்று கார்ட்டூன் படங்கள் வந்தன. தமிழில் டப் செய்து கோடை விடுமுறை தவறாமல் டிவியில் போட்டுத் தேய்த்தார்களே, அதேதான். மூன்றிலும் அதற்குத் தமிழ் பேசியவர் பாய். இளவயதில் சென்னையில் ஒரு டப்பிங் தியேட்டரில் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, சும்மா நின்ற இவரைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். அடுத்தவர் தொண்டை கெட்டதால் வந்த வாய்ப்பு, தன் தொண்டை கெட்டால் போய்விடுமே என்ற பயம் அன்றே பிடித்துக்கொண்டது. மஃப்ளர் வந்த கதை இதுதான்.

மோர் தொட மாட்டார். ரோஸ் மில்க் கடை இருக்கும் பக்கம் தலை திருப்ப மாட்டார். மே மாதத்தில் ஃபிளாஸ்கில் வெந்நீர்.

"நாலாவது பாகம் வரும் சார். இன்ஷா அல்லா, கண்டிப்பா நம்மளைக் கூப்பிடுவாங்க. அன்னைக்குத் தொண்டை ரெடியா இருக்கணுமில்ல?"

பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று ஆபீஸிலும் வெளியிலும் அந்தக் குரலிலேயே பேசுவார். ஒருமுறை வைகுண்ட ஏகாதசி நேரத்தில் என்னோடு ஸ்ரீரங்கம் வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குள் மூச்சு விட இடமில்லை. பாய் பின்படியில் ஏறி நின்று, படத்தில் வரும் வசனத்தை எடுத்துவிட்டார்: "எல்லாரும் கொஞ்சம் நகருங்க, நான் உட்காரப் போறேன்!"

பஸ்ஸே நகர்ந்தது. மூன்று பேர் உட்காரும் சீட் மொத்தமும் காலியானது. அதன் ஓரத்தில் பாய் ஒடுங்கி உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெருமாளே! இந்தச் சரீரத்துக்குள்ளேர்ந்தா அவ்ளோ சத்தம் வந்தது?"

எங்கள் தெருவிலிருந்த குழந்தை டாக்டரின் நர்ஸ் அடிக்கடி போன் செய்வார். ஊசிக்கு அழும் பிள்ளையின் காதில் ரிசீவரை வைத்தால் பாய் உறுமுவார்: "கையை நீட்டுறியா, இல்ல நான் வந்து மடியில உட்காரட்டுமா?" கை நீளும். ஊசி முடிந்த பிறகு நீர்யானை ஏன் வரவில்லை என்று அழுகை தொடங்கும். அதற்கும் அவரேதான் சமாதானம் சொல்ல வேண்டும்.

இத்தனை வருஷம் கழித்து, நாலாவது பாகம் வருகிறதென்று போன வருஷம் செய்தி வந்தது. பாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. வாயில் எந்நேரமும் பனங்கற்கண்டு. கோடவுனில் இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு முன்னால் ஒத்திகை. சென்னையிலிருந்து ஆபீஸ் நம்பருக்கும் கூப்பிடலாம் என்று மருந்துக்கடைக்காரர்களை வாயைத் திறக்க விடவில்லை. "மாத்திரை பேரைச் சொல்லிட்டு வைங்க, லைன் ஃப்ரீயா இருக்கணும்!" லீவு என்று சொன்னாலே பல் வலிக்கும் எங்கள் முதலாளி, அழைப்பு வந்ததும் சென்னை போய்வர, கேட்காமலே ஒரு வாரம் லீவு கொடுத்தார். நாங்களும் போன் மணி அடித்தபோதெல்லாம் எழுந்து நின்றோம்.

போன் வரவில்லை. டிரெய்லர் வந்தது.

அக்கவுண்டன்ட் தன் செல்போனில் போட்டுக் காட்டினார். நீர்யானை வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு பெரிய சினிமா ஹீரோ பேசினார். எங்களில் யாருக்கும் பாயின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"பெரிய ஆளு சார். படத்துக்கு நல்லதுதான்."

பேசியது யாரென்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சன்னமான, கூச்சப்படும் குரல். அதுதான் பாயின் சொந்தக் குரலாம். அத்தனை வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை.

"படம் ஊத்திக்கணும் பாய்" என்றார் அக்கவுண்டன்ட்.

"வாயைக் கழுவுங்க. நம்ம படங்க அது."

ரிலீசான ஞாயிற்றுக்கிழமை அவரே எங்களை வற்புறுத்தித் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். என் மகளும் வந்தாள். ஹீரோ பஞ்ச் அடிக்க, பிள்ளைகள் விசிலடித்தார்கள். முதல் ஜோக்குக்கு முதலில் சிரித்தவர் பாய்தான். கடைசியில், வயசான நீர்யானை மலை விளிம்பில் தனியாக நின்று நண்பர்களிடம் விடைபெறும் காட்சி. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி அதைப் பேசி முடித்தார் ஹீரோ. பக்கத்தில் அதே வரிகளைத் திருப்பிச் சொல்லி, பாயின் உதடுகள் நிதானமாக அசைந்துகொண்டிருந்தன. சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு திரையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் என் மகளிடம் கேட்டார். "பாப்பாவுக்குப் படம் பிடிச்சுதா?"

"சூப்பர் அங்கிள்! அந்த ஹிப்போ வாய்ஸ் செம!"

"ஆமாம்மா, நல்லாப் பேசியிருக்காரு." அவள் தலையைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப ஜெயிச்சாச்சு சார்."



திங்கட்கிழமை மஃப்ளர் இல்லாமல் வந்தார். உப்பிலியபுரம் மருந்துக்கடைக்காரர் போனில் சண்டை பிடித்தார்.

"பாய் இல்லீங்களா?"

"பாய்தாங்க பேசறேன்."

"விளையாடாதீங்க சார், பாய்கிட்ட குடுங்க."

படம் வாரக்கணக்கில் ஓடியது. இவ்வளவு தாமதமாக வந்தும் ஜெயித்துவிட்டதே என்று ஊரெல்லாம் பேச்சு. தில்லை நகரில் எங்கள் ஆபீஸில் மட்டும் அது படுதோல்வி. ஒரே ஒருமுறை அந்தக் குரலில் பேசுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டோம். தொண்டை சரியில்லை என்று சிரிக்கிறார். அவர் தொண்டைக்கு ஒன்றுமில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மதியச் சாப்பாட்டை அவரோடுதான் சாப்பிடுகிறேன். முன்பெல்லாம் அவர் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இப்போது எதிரில் இருக்கும் எனக்கே பாதிதான் கேட்கிறது. அதனாலென்ன, நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.