பம்மல் பஸ்ஸில் ஒரு காலி சீட்

நேத்து வேலை ஒண்ணே ஒண்ணுதான். பம்மல்ல பஸ் ஏறி, தாம்பரத்துல டாக்டரைப் பார்த்துட்டு வரணும்.

எனக்கு ஏழு மாசம். வாந்தி வரும், கால் வீங்கும்னு ஊரே சொல்லிக் குடுத்துச்சு. மூலம் வரும்னு மட்டும் ஒரு வாயும் சொல்லல. வந்துச்சு. புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது. மாமியார்கிட்ட முதுகு வலின்னு சொல்லி வச்சிருக்கேன்.

பஸ்ல ஏறினதும் மூணு பேர் எந்திரிச்சாங்க. நம்ம சனங்களோட நல்ல மனசு இத்தனை நாள் எங்க ஒளிஞ்சிருந்துச்சோ தெரியல.

"உக்காரும்மா"ன்னு பூக்கார அக்கா ஒருத்தங்க கையைப் பிடிச்சு இழுத்தாங்க.

"பரவாயில்லக்கா, நிக்கிறேன்."

"புள்ளத்தாச்சி நிக்கிறதாவது!"

கண்டக்டர் விசில் ஊதி வண்டியையே நிறுத்திட்டார். "இன்னாக்கா நீ, பிரேக் அடிச்சா யாரு பதில் சொல்றது? நீ உக்காந்தாதான் வண்டி நகரும்."

பின்னாடி இருந்து ஒருத்தர், "ஆபீசுக்கு லேட்டாகுது மேடம், உக்காந்து தொலைங்களேன்."

வேற வழியில்லாம பூக்கார அக்கா காதுல விஷயத்தைச் சொன்னேன். அவங்க முகம் அப்படியே கனிஞ்சு போச்சு. பொம்பளைக்குப் பொம்பளைதான் புரியும்னு நெனச்சேன்.

அவங்க கண்டக்டர் பக்கம் திரும்பி, "யோவ், அந்தப் பொண்ணுக்கு மூலம்யா. நிக்கட்டும் வுடு"ன்னாங்க.

வண்டி நகர்ந்துச்சு. பல்லாவரம் வர்றதுக்குள்ள துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, மோர்னு ஆளுக்கொரு வைத்தியம். லேட்டாகுதுன்னு கத்தினவர் தன்னோட அனுபவத்தை விவரமா சொன்னார். ஜன்னலோர சீட்ல மாமியாரோட சர்ச் சிநேகிதி எஸ்தர் ஆன்ட்டி. "ஜெபத்துல வச்சுக்கிறேன்மா"ன்னாங்க. கையில ஏற்கெனவே போன்.

டாக்டர் சாதாரணமா சொன்னாங்க. "கர்ப்பத்துல இது சகஜம்மா. தண்ணி நிறைய குடிங்க, முக்காதீங்க. ஆனா ரொம்ப நேரம் நிக்காதீங்க, அதுவும் மூலத்தைக் கூட்டும். மெத்துனு எதாவது போட்டு உக்காருங்க."

நின்னதும் தப்பாம்.

எதிர் கடையில நடுவுல ஓட்டை வச்ச வட்டத் தலைகாணி ஒண்ணு வாங்கினேன். கால் ரெண்டும் விண்ணு விண்ணுனு தெறிக்குது. ஜம்முனு உக்காந்து போலாம்னு பஸ் ஏறினா, அதே கண்டக்டர்.

காலேஜ் பொண்ணு ஒண்ணு எனக்காகப் பாதி எந்திரிச்சுது.

"நீ உக்காரும்மா"ன்னு தடுத்துட்டு, பஸ் முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னார். "அக்காவுக்கு யாரும் எடம் குடுக்காதீங்க. அவங்க உக்காரக் கூடாது."

இன்னொரு தடவை விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்ல. தலைகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு பம்மல் வரைக்கும் நின்னே வந்தேன்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அடுப்புல கருணைக்கிழங்கு வெந்துட்டு இருக்கு. என் நாற்காலியை மாமியார் மொட்டை மாடிக்கு ஏத்திட்டாங்க.