சிக்னல் சாமியும் மூன்று சொம்புத் தண்ணீரும்

ஊருக்கு ஃபைபர் கேபிள் வருகிறது, வருகிறது என்று ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேபிள் வரவில்லை. சிக்னல் சாமி வந்துவிட்டார்.

வந்தவர் சும்மா வருவாரா? கேபிள் கம்பெனிக்காரன் முச்சந்தியில் போட்டுவிட்டுப் போன பெரிய மர உருளை ஒன்று கிடந்தது. அதன்மேல் போர்வையை விரித்துச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். வழித்த தலை, கணுக்கால் வரை தொங்கும் கனத்த மஞ்சள் அங்கி, யாரையும் நேராகப் பார்க்காத கண். கீழே ஊரே திரண்டு, ஆளாளுக்குச் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. டோக்கன் வாங்கினால்தான் தரிசனம். டோக்கன் வாங்கவும் ஒரு வரிசை இருந்தது.

சாமி கொடுத்தது ஒளிப்பெட்டி. செருப்புப் பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி, மேலே ஒரு கண்ணாடிக் கல், நாலு பக்கமும் ஆணி. திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் ஒளி ஓடிவிடுமாம். நூறு நாள் நம்பிக்கையோடு வீட்டில் வைத்திருந்தால் கேபிளே இல்லாமல் நெட் கொட்டுமாம். விலை ஒரு மாதச் சம்பளம். ரேஷனில் அரிசி நூறு கிராம் குறைந்தால் ஊரைக் கூட்டுகிற புத்திசாலிகள் இதை வாய் திறக்காமல் வாங்கிப் போனார்கள்.

கூத்து என்னவென்றால், நெட் நிஜமாகவே வந்தது. சாமி ஒரு வீட்டுக்கு எழுந்தருளி, போனை வாங்கி நெற்றியில் வைத்து, ஏதோ முணுமுணுத்தபடி கட்டைவிரலால் தடவித் திருப்பிக் கொடுப்பார். உடனே வெளியூர்ப் பேரன் முகம் திரையில் சிரிக்கும். வீட்டார் தடாலென்று காலில் விழுவார்கள். அரை மணியில் சாமி கிளம்புவார், நெட்டும் கிளம்பிவிடும். நூறு நாள் ஆகவில்லையே, இது மாதிரிக்குத்தான் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். சாமி ஒரு நிபந்தனையும் வைத்தார். கேபிள் கம்பெனியின் படிவத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அது சந்தேகம், சந்தேகம் இருக்கும் வீட்டில் ஒளி தங்காது. இதைக் கேட்டுக் கொதித்தவர் ஊரில் குழாய் ரிப்பேர் பார்க்கும் குழாய்க்காரர்.

அவர்தான் அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவர். மாதக் கடைசிக்குள் அறுபது வீட்டார் கேட்டால் பள்ளம் தோண்டுவோம், இல்லாவிட்டால் அடுத்த ஊருக்குப் போகிறோம் என்று கம்பெனி கறாராக எழுதியிருந்தது. பத்தொன்பது கையெழுத்து சேர்ந்திருந்தது. மாதம் முடிய மூன்று நாள். யார் வீட்டிலாவது குழாய் ஒழுகினால் இவரைத்தான் கூப்பிடுவார்கள், பையில் படிவத்தைப் பார்த்தால் மட்டும் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே ஓடுவார்கள்.

அவருக்கு ஏன் இந்த வேலை? எட்டு மாதத்துக்கு முன் அவர் மனைவிக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. தெருவிலேயே பெரிய வாயாடி என்று பேர் வாங்கியவள் இப்போது பத்துப் பதினைந்து வார்த்தைகளை வைத்துக் காலம் தள்ளினாள். புத்தியில் ஒரு குறையும் இல்லை, அது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரியும். பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா நான்கு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தாள். முதல் ஒரு வருடம்தான் முக்கியம், தினம் அரை மணி வீடியோவில் பயிற்சி கொடுத்தால் பேச்சு திரும்பும், தள்ளிப்போட்டால் சொல்வதற்கில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். ஊரில் சிக்னல் எடுக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் உச்சி. குழாய்க்காரர் அறுபது படி ஏறுவார். மனைவியை எப்படி ஏற்றுவது? யோசித்து யோசித்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

இந்த நிலைமையில்தான் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், சாமியை வீட்டுக்கே கூட்டிவந்தார். மளிகைக்கடைக்காரர். தங்கச்சி மேல் உயிர். சாமி மேல் அதைவிட ஒரு படி கூட. மூன்று பெட்டி வாங்கியவர், டோக்கன் கொடுப்பவரும் அவரே. வாய் பேசாத பெண்ணைப் பேசவைத்தால் பேர் பத்து ஊருக்குப் பரவும் என்று சாமிக்குத் தெரியாதா? காசு வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

காலை பத்து மணி. கூடத்தில் நாற்பது பேர், ஜன்னலில் இன்னும் பத்து. மேஜைமேல் ஒளிப்பெட்டி, அதில் சாய்த்து வைத்த போன். சாமி நெற்றியில் வைத்து முணுமுணுத்துத் தடவினார். டாக்டரம்மா திரையில் வந்துவிட்டாள்.

"வாங்கம்மா. எங்கே, கதவு சொல்லுங்க. க-த-வு."

"க… தவு" என்றாள் அவள். மச்சான் குலுங்கிக் குலுங்கி அழுதார். பித்தலாட்டமாகவே இருக்கட்டும், இந்த ஆள் தினம் வந்து உட்காரட்டும், காலைக்கூடக் கழுவிவிடுகிறேன் என்று குழாய்க்காரரே ஒரு நிமிடம் நினைத்தார். நினைத்தது நிஜம்.

சாமி கூட்டத்தைப் பார்த்து அருளினார். "சக்தி எல்லாம் பெட்டியில இருக்கு. நான் வெறும் தபால்காரன்."

சொல்லிவிட்டு நெளிந்தார். உலகத்துக்கே ஒளி கொடுப்பவருக்குச் சர்க்கரை வியாதி. கழிப்பறை தோட்டத்தின் கடைசியில், நூறு அடி தள்ளி. சாமி போனார். டாக்டரம்மா வாயைப் பாதி திறந்தபடி திரையில் உறைந்துவிட்டாள். சாமி வந்தார், வாய் மூடியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கூட்டம் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த உதட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். அவள் இடது கையால் மேஜையைத் தட்டிக் கணவனைக் கூப்பிட்டாள்.

"அவர்… போனா… போகுது."

குழாய்க்காரர் முப்பது வருடமாக ஒழுகல் பார்த்தவர். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்க்க வேண்டியதுதான். இதற்கு ஞானம் வேண்டாம், பொறுமை போதும். உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, களைப்பாக இருப்பீர்கள் சாமி என்று பணிவாக நீட்டினார். பக்தன் கொடுத்ததை மறுக்க முடியுமா? இரண்டாவது சொம்பை மச்சானே வாங்கிக் கொடுத்தார். மூன்றாவதைக் கூட்டமே சேர்ந்து குடிக்கவைத்தது.

கால் மணி நேரத்தில் சாமி மறுபடியும் எழுந்தார். குழாய்க்காரர் வாசலில் குறுக்கே நின்றார்.

"சாமி, சக்தி பெட்டியிலதானே இருக்கு?"

"ஆமாப்பா. வழி விடு."

"பெட்டி இங்கேயே இருக்கட்டும். அந்த அங்கியையும் இங்கேயே கழட்டி வெச்சிட்டுப் போயிட்டு வாங்க. அவ்வளவுதான்."

அங்கியைக் கழற்றக் கூடாது, அது விரதம் என்றார் சாமி. வெயிலுக்குக் கழற்றினால் என்ன, உள்ளே சட்டை போட்டிருக்கிறாரே என்று ஜன்னலிலிருந்து ஒரு பக்தை அக்கறையாகச் சொன்னாள். சாமி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். நெற்றி வேர்த்தது. எப்பேர்ப்பட்ட விரதமும் மூன்று சொம்புக்குத் தாங்காது. அங்கியை உருவி நாற்காலியில் எறிந்துவிட்டு, அரைக்கால் சட்டையோடு ஓட்டமெடுத்தார்.

திரையில் டாக்டரம்மா தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணி சொல்லுங்கம்மா, தண்ணி. கூட்டம் கைதட்டியது. சாமி இல்லாமலே வேலை செய்கிறதே, பெட்டி எப்பேர்ப்பட்ட பெட்டி என்று புல்லரித்துப் போனார்கள். நம் ஜனங்களுக்குப் புல்லரிக்கக் காரணமா வேண்டும்?

குழாய்க்காரர் அங்கியை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார். டாக்டரம்மா உறைந்தாள். திரும்பி வந்தார். தண்ணி என்றாள் டாக்டரம்மா. மறுபடி போனார், மறுபடி வந்தார். மூன்றாவது தடவை கைதட்ட ஒரு கையும் எழவில்லை.

அங்கியின் உள்பையில் கைவிட்டு சோப்பு டப்பா அளவில் ஒரு கருவியை வெளியே எடுத்தார். சிம் போட்டு நெட் பிடித்து நாலு போனுக்குப் பங்கு கொடுக்கும் சாதனம். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனி புதிதாக டவர் போட்டிருந்தது, அதன் சிம் அது. மளிகைக்கடையில் விற்கும் ஒரே கம்பெனி சிம்மைத்தான் ஊரே வைத்திருந்தது, அதனால் ஒருவருக்கும் தெரியாது. சாமி முணுமுணுத்துத் தடவிய மந்திரம் எட்டெழுத்துப் பாஸ்வேர்டு.

சாமி ஈரக் கையோடு திரும்பி வந்து நிலைமையைப் பார்த்தார். கருவி வெறும் கருவிதான், அருள் தன்னுடையது என்று ஆரம்பித்தார்.

"அருள் நாற்பது பர்சென்ட்தான் இருக்கு சாமி" என்றார் குழாய்க்காரர், அதன் சின்னத் திரையைப் பார்த்தபடி. "சார்ஜ் போடணும்."

மச்சான் குழாய்க்காரரின் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி, ஒளிப்பெட்டியின் ஆணிகளை நெம்பினார். உள்ளே எடைக்கு ஒரு அரைச் செங்கல். மூன்று பெட்டி வாங்கியவர் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார். அதற்குள் சாமி பின்வேலியைத் தாண்டியிருந்தார். அங்கியைக்கூடக் கேட்கவில்லை.

ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? ஒருவர் அந்தக் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர் தனக்கு முதலிலேயே தெரியும் என்றார். குழாய்க்காரர் படிவத்தை மேஜைமேல் விரித்து, பேனாவை மச்சானிடம் நீட்டினார். இது இரவல் நெட், சாமி சிம்மை நிறுத்தினால் நின்றது, புது சிம் வாங்கி ஊரே பிடித்தால் அந்தத் தூரத்து டவர் தாங்காது, தங்கச்சி பேச வேண்டுமென்றால் கேபிள் வர வேண்டும் என்றார். மச்சான் போட்டால் பின்னால் நிற்கிறவர்களும் போடுவார்கள். எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். பிறகு மூடினார்.

"போடறேன் மாப்பிள்ளை. இன்னிக்கு நாள் சரியில்லை. நாளைக்கு நல்ல நேரம் பார்த்து…"

மேஜை அதிர்ந்தது. தங்கச்சி இடது கையால் ஓங்கித் தட்டியிருந்தாள். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. எட்டு மாதத்தில் பேசாத நீளத்துக்கு ஒரு பேச்சை ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

"மூளை… அடைச்சது… எனக்கு. உனக்கு… என்ன கேடு… அண்ணே?"